ஊசியைக் கொடுக்காத பயிற்சி

மகாராஷ்டிரத்தின் கிழக்கெல்லையில், வனங்களும் கோண்டு மக்களின் சிற்றூர்களும் நிறைந்த கட்சிரோலி ஜில்லாவில், அபய் பாங், ராணி பாங் என்னும் வைத்தியத் தம்பதியர் 1990-களில் நடத்திய பரீட்சையைப் பற்றிப் பேசுவோர், பச்சிளங் குழந்தைகளின் மரண விகிதம் ஏறத்தாழ 62 சதவீதம் குறைந்த கணக்கைச் சொல்லிப் பூரிக்கிறார்களேயன்றி, அந்தப் பலன் எதனால் விளைந்தது என்ற விஷயத்தை ஏனோ லேசாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

39 கிராமங்களில், ஓரளவே பள்ளிப் படிப்புள்ள ஸ்திரீகளைத் தேர்ந்து, 'ஆரோக்கியதூத்' எனப் பெயரிட்டு, சிசுவை எடை போடவும், உடற்சூட்டை அளக்கவும், மூச்சின்றிப் பிறந்ததற்கு மூச்சூட்டவும் கற்பித்தார்கள். குழந்தையின் மூச்சை எண்ண, அத்தம்பதியர் முன்பே எழுத்தறியாத மருத்துவச்சிகளுக்காக ஒரு கருவியை அமைத்திருந்தனர்: மணற்கடிகையில் ஒரு நிமிஷம் ஓடும், பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும், இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஆறாவது மணியும் நகர்ந்துவிட்டால் நிமோனியாவென்று சந்தேகிக்க வேண்டும். பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும். படித்தவர்களாகிய நமக்கு இது சற்று அவமானமாகக்கூட இருக்கலாம்.

ஆனால் விஷயத்தின் உயிர்நாடி கருவியிலன்று, ஊசியிலேதான் இருந்தது. கிருமி ரத்தத்தில் பரவிக் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தித் துவளும்போது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வீட்டார் இசையாவிட்டால், பெற்றோர் சம்மதத்தின்பேரில் ஜென்டாமைசின் ஊசியை அந்தப் பெண்ணே போட்டாள். 15 நாளுக்கொரு முறை வந்த டாக்டரோ சிகிச்சை செய்ய வரவில்லை, அவள் வேலையைச் சரிபார்த்துத் திருத்தவே வந்தார்.

2005-இல் தோன்றிய 'ஆஷா' என்னும் கிராமச் சுகாதாரச் சேவகியரிடம் இம்முறையை 2011-இல் ஒப்படைத்த மத்திய சர்க்கார், ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு 42 நாளுக்குள் ஆறு முறை வீட்டுக்குச் சென்று பார்க்கும் அட்டவணையை எடுத்துக்கொண்டது. அதற்கு 250 ரூபாய் ஊக்கத்தொகையும் விதித்தது. ஊசியை மாத்திரம் கொடுக்கவில்லை. தவறான கையில் மருந்து சிக்கினால் அபாயமன்றோ என்பார்கள். நியாயமான பயந்தான். எனினும் அந்த அபாயத்துக்குக் கட்சிரோலி கண்ட பரிகாரம் தடையன்று, இடைவிடாத மேற்பார்வை. அதற்கு டாக்டர் வேண்டும், வாகனம் வேண்டும், செலவு வேண்டும். செலவைத் தவிர்த்தவர்கள் ஜாக்கிரதையின் பெயரால் அதிகாரத்தையும் தவிர்த்துவிட்டு, எஞ்சிய வேலையை ஏற்றவளைத் 'தன்னார்வலர்' என்று அழைக்கிறார்கள். படிவம் நிரப்புவதில் அவள் இன்று மிகவும் தேர்ந்திருக்கிறாள்.