ஆடிட்டர் நாற்காலியில் திருடன்

ஆபீஸில் கையாடல் செய்பவன் எங்கே ஒளிவான்? பீரோவுக்குப் பின்னால் ஒளிந்தால் பியூனே பிடித்துவிடுவார். கெட்டிக்காரன் ஆடிட் செக்‌ஷனிலேயே வேலைக்குச் சேர்ந்துவிடுவான். பி.காம். படித்த எனக்கு இது புரிய வருஷக்கணக்காயிற்று. கோழிக்கு வரும் ஒரு வைரஸ், படிக்காமலே பாஸ்!

மாரெக் நோய் என்று பெயர். 1907-ல் ஹங்கேரி கால்நடை டாக்டர் ஜோசப் மாரெக், கால் விளங்காத நாலு சேவல்களைப் பார்த்து எழுதிவைத்தார். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டியபடி கோழி விழுந்து கிடக்கும். காரணம், ஹெர்ப்பிஸ் வைரஸ். மண்பானை செய்பவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொள்வோமே அக்கி, அந்த வைரஸுக்கு இது பங்காளி. (மனுஷனுக்கு ஒட்டாது. பிரியாணி ரசிகர்கள் பயப்பட வேண்டாம்.)

உடம்பில் செல்கள், உள்ளே நடப்பதற்கு வாசலில் சாம்பிள் மாட்டிவைக்கும். ரோந்து வரும் டி-செல்கள், சாம்பிள் சரியில்லையென்றால் அந்த செல்லையே தீர்த்துக்கட்டும். நம்மாள் முதலில் அந்த சாம்பிள் பலகையைக் கழற்றுகிறான். அப்புறம் டி-செல்களிலேயே ஒரு ரகத்துக்குள் புகுந்து, மூச்சுக்காட்டாமல் படுத்துக்கொள்கிறான். சமயம் பார்த்து அந்தப் போலீஸையே புற்றுக்கட்டியாக்குகிறான். இன்னொரு பக்கம், இறகின் வேரில் பெருகி, உதிரும் தூசியோடு ஊர் சுற்றுகிறான்.

தடுப்பூசி உண்டு. வான்கோழியின் சாதுவான ஹெர்ப்பிஸ் வைரஸில் செய்தது. நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிக் குஞ்சுக்குப் பொரித்த அன்றே போடுகிறார்கள். ஊசி நோயைத் தடுக்கும். வைரஸ் குடியேறுவதைத் தடுக்காது. 2015-ல் ஆண்ட்ரூ ரீட் குழு காட்டியது இதுதான்: கொடூர ரக வைரஸ் தாக்கினால், ஊசி போடாத கோழி பத்து நாளில் செத்துவிடும், பரப்ப நேரமில்லை. ஊசி போட்ட கோழி பிழைத்திருந்து வாரக்கணக்கில் பரப்பும்.

அப்படியானால் ஊசி வேண்டாமா? கட்டாயம் வேண்டும். மாட்டிக்கொள்வது, நம் தஞ்சாவூர்ப் பக்கம் களத்தில் நெல் பொறுக்கும் நாட்டுக்கோழி. தடுப்பூசிக் குப்பியில் நூற்றுக்கணக்கான டோஸ். பாட்டியிடம் இருப்பதோ ஏழு கோழி. தெருக்காரர்கள் சேர்ந்து வாங்கினால்தான் கட்டுப்படியாகும். பண்ணைக்குப் போய் வந்தவர்கள் செருப்பு, சட்டை மாற்றாமல் பாட்டியின் கூண்டுப் பக்கம் போகாதீர்கள். கோழி நொண்டினால், மசாலா அரைப்பதற்கு முன் கால்நடை டாக்டரைக் கேளுங்கள். ஒரத்தநாட்டில் 2012-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

கணக்கு டேலியானால் திருட்டே நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்வார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்!