மாலைக்குள் திரும்பும் மாணவர்

2015 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் ஈஸ்டர்ன் சிறைக்குள் ஒரு விவாதப் போட்டி. ஒரு பக்கம் ஹார்வர்டு மாணவர்கள். எதிரே பார்டு கல்லூரியின் சிறைத் திட்டத்தில் படிக்கும் கைதிகள். உள்ளே இணையம் கிடையாது. கேட்ட புத்தகம் நிர்வாகத்தின் அனுமதி பெற்றுக் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். போதாததற்கு, ஆவணமின்றிக் குடியேறிய மாணவர்களுக்கு அரசுப் பள்ளிகள் இடம் மறுக்கலாம் என்று, தங்களுக்கே ஒவ்வாத கட்சியை அவர்கள் பேச வேண்டியிருந்தது. ஜெயித்தது கைதிகள்தான்.

இப்படிப்பட்டவர்களை வெளியே கல்லூரிக்கே அனுப்பினால் என்ன? கேள்வி புதிதல்ல. நம்பகமான கைதிகள் பகலில் வெளியே சென்று வேலை பார்க்கவும் பயிற்சி பெறவும் 1965-லேயே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் வழிவிட்டது. 1967-ல் ஒரேகான் சிறையில் தொடங்கிய நியூகேட் திட்டம், உள்ளே ஆரம்பித்த படிப்பை வெளியே கல்லூரி வளாகத்தில் தொடர வைத்தது.

பிறகு வந்தார் வில்லி ஹார்ட்டன். மாசசூசெட்ஸில் கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்றவர். 1986-ல் வார இறுதி விடுப்பில் போனவர் திரும்பவில்லை. மறு ஆண்டு மேரிலாந்தில் ஒரு வீட்டில் புகுந்து கொடுங்குற்றம் செய்தார். 1988 அதிபர் தேர்தலில் அம்மாநில ஆளுநரும் ஜனநாயகக் கட்சி வேட்பாளருமான டுகாகிஸைச் சாய்க்க அந்தப் பெயரே ஆயுதமானது. அந்த விடுப்புத் திட்டத்தை 1972-ல் கொண்டுவந்தது எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் ஆளுநர் என்பது யாருக்கும் நினைவில்லை. அது படிப்புக்கான விடுப்பும் அல்ல. 1994-ல், ஏழை மாணவர்களின் கல்லூரிப் படிப்புக்குக் கூட்டாட்சி அரசு தரும் பெல் உதவித்தொகையும் கைதிகளுக்கு நின்றது.

கணக்கோ வேறு கதை சொல்கிறது. 2005-ல் 30 மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்தவர்களில் 83 சதவீதம் பேர் 9 ஆண்டுகளுக்குள் மறுபடி கைதானார்கள். சிறையில் படித்தவர்களில் திரும்பி வருவோர் விகிதம் படிக்காதவர்களைவிட 13 சதவீதப் புள்ளிகள் குறைவு என்றது ராண்ட் நிறுவனத்தின் 2013 ஆய்வு. படிப்புக்குச் செலவிடும் ஒரு டாலர், மீண்டும் சிறையில் அடைக்கும் செலவில் நான்கைந்து டாலரை மிச்சப்படுத்துமாம். திருந்த நினைப்பவர்தான் படிக்க வருகிறார் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அப்படி நினைப்பவருக்குக் கதவடைக்க அது காரணமாகாது.

தண்டனை முடிய ஓராண்டு இருக்கும்போது, காலையில் பஸ் பிடித்து வகுப்புக்குப் போய், கேன்டீன் வரிசையில் நின்று, மாலையில் கைதிகளை எண்ணும் நேரத்துக்குள் திரும்பும் பழக்கத்தைச் சிறைக்குள் எந்தப் பேராசிரியர் சொல்லித்தர முடியும்?

2023 ஜூலையில் பெல் உதவித்தொகை திரும்ப வந்துவிட்டது. வகுப்பு மதிலுக்குள் நடக்கும்வரை பெரிய எதிர்ப்பில்லை. கைதியைக் கல்லூரிக்கு அனுப்பலாமா என்று கேட்டால்தான் ஹார்ட்டன் பெயர் மறுபடி எழுகிறது.