காமிராமேனின் ரகசியம் எங்கே போயிற்று?

படப்பிடிப்பு நடக்கும் இடத்தில், படம் எப்படி வரும் என்பது முன்பெல்லாம் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் காமிராமேன். டைரக்டருக்குத் தெரியாது. பணம் போட்ட முதலாளிக்குத் தெரியாது. நடித்த நட்சத்திரத்துக்கும் தெரியாது. பிலிம் சுருள் லாபரட்டரிக்குப் போய், கழுவி, பிரதி எடுத்து, திரையில் போட்டுக் காட்டும் வரையில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். "நன்றாக வந்திருக்கும்" என்று அவர் சொன்னால் அதுவே வேதவாக்கு!

இன்றோ காமிராவில் விழுவது அந்தக் கணமே பக்கத்தில் உள்ள மானிட்டரில் தெரிகிறது. மானிட்டரைச் சுற்றிப் பத்து நாற்காலிகள். பத்துப் பேரும் பார்க்கிறார்கள். பத்துப் பேரும் அபிப்பிராயம் சொல்கிறார்கள். டிஜிட்டல் காமிரா செய்த பெரிய மாறுதல் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். மற்றவையெல்லாம் இதற்கு அப்புறம்.

லாபம் இல்லையா? நிறைய இருக்கிறது. பிலிமில் கீறல் விழுந்தது, செட்டைப் பிரித்துப் போட்ட பிறகு தெரிய வரும். அந்த வயிற்றெரிச்சல் இப்போது இல்லை. இருட்டிலும் எடுக்கலாம். 2004-ல் வந்த 'கொலாட்டரல்' படத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து இரவு வானம், கண்ணுக்குத் தெரிகிறபடியே திரையில் தெரிந்தது. கையடக்கமான டிஜிட்டல் காமிராவை எடுத்துக்கொண்டு மும்பைச் சேரிச் சந்துகளில் ஓடி ஓடி எடுத்த 'ஸ்லம்டாக் மில்லியனர்', 2009-ல் ஒளிப்பதிவுக்கான ஆஸ்கார் பரிசையே தட்டிக்கொண்டு போயிற்று. நம் தமிழிலும் 'மும்பை எக்ஸ்பிரஸ்' 2005-லும், 'உன்னைப்போல் ஒருவன்' 2009-லும் டிஜிட்டலில் எடுத்து வெளிவந்தவைதான்.

சுருளும் ஒத்திகையும்

ஆயிரம் அடி பிலிம் 11 நிமிஷத்தில் ஓடி முடிந்துவிடும். 1948-ல் ஹிட்ச்காக் 'ரோப்' படத்தை வெட்டே இல்லாததுபோல் காட்ட ஆசைப்பட்டார். முடிந்ததா? சுருள் தீரும் சமயம் பார்த்து, காமிராவை ஒரு நடிகரின் முதுகுக்கு அருகே கொண்டுபோய், திரையை இருட்டாக்கி, அங்கே ஒட்டுப் போட்டார். 2001 டிசம்பரில் ருஷ்ய டைரக்டர் சொகூரொவ், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிடேஜ் மாளிகையில் 'ருஷ்யன் ஆர்க்' படத்தை எடுத்தார். டிஜிட்டல் காமிராவை உடம்போடு கட்டிக்கொண்டு, ஜெர்மானியரான டில்மன் பூட்னர் அறை அறையாக நடந்தார். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒரே ஓட்டம். ஒட்டு என்பதே கிடையாது!

அந்த நீளத்தைக் கொடுத்தது காமிரா. ஆனால் நூற்றுக்கணக்கான நடிகர்களைப் பிசகில்லாமல் அங்கே நடமாட வைத்தது ஒத்திகை. இங்கேதான் எனக்கு வருத்தம். பிலிம் அடிக்கு இவ்வளவு என்று பணம் கேட்டதால், ஒத்திகை பார்த்த பிறகே காமிராவைத் தொட்டார்கள். இப்போது "ஓடட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். அந்த அப்புறம், எடிட்டர் தலையில் மலையாக வந்து விழுகிறது.

வெளிச்சத்தை அளந்து பார்க்கும் வேலையும் போய்விட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். போகவில்லை, திசை மாறியிருக்கிறது. வெளிச்சம் கொஞ்சம் மிஞ்சினால் பிலிம் பொறுத்துக்கொள்ளும். டிஜிட்டல் பொறுக்காது. உச்சி வெயிலில் வெள்ளை வேஷ்டி கட்டி ஒருவரை நிறுத்திப் பாருங்கள். கணக்குத் தப்பினால் மடிப்பும் தெரியாது, கரையும் தெரியாது, வெறும் வெள்ளைதான். எந்தக் கம்ப்யூட்டராலும் அதை மீட்க முடியாது.

நிறம் மாற்றும் அறை

மற்றபடி கம்ப்யூட்டர் எதையும் செய்யும். பகலை அந்தியாக்கும், பச்சை வயலைப் பழுப்பாக்கும். நிறம் திருத்தும் அந்த அறையில்தான் இன்று பாதி ஒளிப்பதிவு நடக்கிறது. ஆனால் காமிராமேன் அதற்குள் அடுத்த படத்துக்குப் போயிருப்பார். அவர் பார்த்துப் பார்த்து வைத்த நிழலை, "முகம் சரியாகத் தெரியவில்லை" என்று யாரோ ஒருவர் வெளுத்து வைத்துவிடுவார். திரையில் மட்டும் பெயர் அவருடையது!

பழைய பிலிம் திரும்பி வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேண்டியவர்கள் அதில் எடுக்கிறார்கள். 2023-ல் வந்த 'ஓப்பன்ஹைமர்' பிலிமில் எடுத்ததுதான். நான் கேட்பது சின்ன விஷயம். காமிராமேனுடன் போடும் ஒப்பந்தத்தில், நிறம் திருத்தும் நாட்களுக்கும் சேர்த்துச் சம்பளம் எழுதுங்கள். அவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் கடைசிப் பிரதியை வெளியே விடாதீர்கள். மானிட்டருக்கு முன்னால் இரண்டே நாற்காலி போதும்: டைரக்டருக்கு ஒன்று, காமிராமேனுக்கு ஒன்று. மற்ற எட்டுப் பேருக்கும் நிழலில் இடம் போட்டு, ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிடலாம்.