ரவுடி மீன் என்று ஒன்று இல்லை

ஒஸ்கார் என்றால் ரவுடி. பிளவர்ஹோர்ன் என்றால் பக்கத்தில ஒருத்தரையும் விடாத சண்டியன். ஜாகுவார், ரெட் டெவில் என்றால் கொலைகாரர். பெரிய சிக்லிட் மீன்களைப் பற்றி எங்கட வயசுக்காரர் கதைக்கிற கதை பெரும்பாலும் இதுதான். ஒன்றுக்குப் பிசாசின் பெயர், இன்னொன்றுக்கு வேட்டை விலங்கின் பெயர். ஜாக் டெம்ப்சி என்ற மீனுக்கு அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஒருவரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இந்தப் பெயர்களைக் கேட்டுப் பழகினவருக்கு, தொட்டி மூலையில் ஒரு மீன் செட்டை கிழிந்து கிடந்தாலும் அதிர்ச்சி வருவதில்லை. "அது அப்பிடித்தான் மச்சான், அதின்ர குணம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்.

நாங்கள் இதை மறுக்கிறோம். மீனின் குணத்தைப் பற்றிக் கதைக்க முன்னம் தொட்டியின் நீள அகலத்தைப் பற்றிக் கதைக்க வேணும்.

கணக்கு லேசானது. கடையில் ஒஸ்கார் குஞ்சு 2 அங்குலத்தில் துள்ளிக்கொண்டு நிற்கும். வீட்டில் இருக்கிற தொட்டி அனேகமாக 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினாலும் 57 லீற்றர் தாண்டாது. நல்லாச் சாப்பிட்டு வளர்கிற ஒஸ்கார் ஒரு வருசத்தில் 10 அங்குலத்தை நெருங்கும். முழு வளர்ச்சியில் 12 அங்குலம், சிலது அதுக்கும் மேல. அதாவது மீனின் நீளமும் தொட்டியின் அகலமும் ஒன்று. உடம்பை வளைக்காமல் அதால திரும்பக்கூட ஏலாது. அதுக்குள்ள இரண்டாவது மீனையும் போட்டுவிட்டு, "சண்டை பிடிக்குதுகள்" என்று முறைப்பாடு. பஸ் மிதிபலகையில் தொங்குகிற இரண்டு பேர் முட்டுப்பட்டால் அவர்களின் பிறவிக் குணத்தையா நாங்கள் ஆராய்கிறோம்?

சிக்லிட் ஏன் அடிபடுகிறது என்பதில் பெரிய மர்மம் இல்லை. இவை பிள்ளை வளர்க்கிற மீன்கள். நிக்கராகுவா ஏரிகளில் வாழும் மைடாஸ் சிக்லிட் சோடி கல்லிடுக்கில் முட்டையிட்டு, குஞ்சு பொரித்த பிறகும் வாரக்கணக்கில் தாயும் தகப்பனுமாகக் காவல் நிற்கும். இதே குடும்பத்து மீன் எங்கட களப்புகளிலேயே இருக்கிறது. எற்றோபிளஸ் சூரட்டென்சிஸ் என்ற அந்த மீன் இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் சொந்தமானது. அதுவும் சோடியாகத்தான் குஞ்சு காக்கும். காவல் நிற்கிற மீன் கிட்ட வாற மீனை விரட்டும். விரட்டுப்பட்ட மீன் ஓடும். ஏரியில் கதை அதோட முடிஞ்சுது, ஏனென்றால் அங்கே ஓட இடம் இருக்கிறது. தொட்டியில் ஓடுகிற மீன் எதிர்க் கண்ணாடியில் முட்டித் திரும்பி, விரட்டின மீனுக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது. விரட்டின மீனுக்கு அது இன்னும் போகாத எதிரி. ஆகவே மறுபடியும் அடி. ஏரியில் சில வினாடிகளில் முடிகிற விசயம் தொட்டிக்குள் நாட்கணக்கான சித்திரவதையாக நீளுகிறது.

அமெரிக்க ஆய்வாளர் றொனால்ட் ஓல்ட்ஃபீல்ட் 2011இல் மைடாஸ் சிக்லிட் குஞ்சுகளை வைத்துச் செய்த ஆய்வொன்றை வெளியிட்டார். சின்னத் தொட்டிகளின் அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்ததில் சண்டை பெரிதாக மாறவில்லை. இடம் நிறைய இருந்த, மறைவிடங்கள் உள்ள பெரிய சூழலில்தான் ஆக்ரோசம் குறைந்தது. 2 அடித் தொட்டியை வித்துப்போட்டு இரண்டரை அடித் தொட்டி வாங்கி மனச்சாட்சியைத் தேற்றிக்கொள்ள முடியாது என்றுதான் நாங்கள் இதை வாசிக்கிறோம்.

ஆனால் இடத்தைக் கொடுக்காமல் சண்டையை மட்டும் நிப்பாட்ட ஆளாளுக்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். "நெருக்கி நிரப்பு, ஒரு மீனில விழுற அடி பத்து மீனுக்குப் பிரிஞ்சு போகும்" என்பது ஒன்று. இது ஆபிரிக்காவின் மலாவி ஏரியில் இருந்து வரும் சின்ன 'ம்புனா' மீன்களுக்காக, நல்ல பலமான பில்ட்டரோடு கையாளப்படும் முறை. அதைத் தூக்கி ஒரு அடி நீளமுள்ள ஒஸ்காருக்கும் ஜாகுவாருக்கும் போட்டால் அடி பிரியுமோ இல்லையோ, கழிவு கூடி அமோனியா ஏறும். சண்டையில் சாகாத மீன் தண்ணியில் சாகும்.

இரண்டாவது தந்திரம் இன்னும் மோசமானது. ஆக்ரோசம் என்பது உள்ளே ஊறிக்கொண்டே இருக்கிற ஒரு விசை, அது எங்கேயாவது வடிய வேணும் என்பது ஒஸ்திரிய விஞ்ஞானி கொன்றாட் லோறன்ஸின் வாதம். 1963இல் வெளிவந்த தன் புத்தகத்தில் அவர் சிக்லிட் சோடிகளையும் உதாரணம் காட்டினார்: விரட்ட அயலவன் இல்லாவிட்டால் ஆண் மீன் தன் சோடியையே தாக்கும் என்று. பின்னால் வந்த விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் பலர் இந்த 'ஊறி நிரம்பும்' விளக்கத்தை ஏற்கவில்லை. மீன் வளர்க்கிற இடத்தில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது: சண்டைக்காரனுக்கு ஒரு பலிமீனைப் போட்டுவிடு, மற்றது தப்பும். பலமுள்ளவன் அடிக்கத்தான் செய்வான், அடிவாங்க ஒருத்தரை ஒதுக்கி வைப்போம் என்கிற இந்த நியாயத்தை நாங்கள் மீன்தொட்டிக்கு வெளியிலும் கேட்டிருக்கிறோம். பல்கலைக்கழகப் பகிடிவதைக்கும் இப்படித்தான் விளக்கம் சொல்லுவார்கள். அடிக்கிறவனின் குணத்தில் பழியைப் போட்டுவிட்டால், அந்த இடத்தை அப்படி அமைத்து வைத்திருக்கிறவர்கள் தப்பிவிடலாம்.

இனி வீடியோக்கள். உயிரோடு தங்கமீன்களைக் கொட்டி, ஒஸ்கார் பிய்த்துத் தின்பதைப் பாட்டுப் போட்டுப் பதிவேற்றுகிறார்கள். தங்கமீனில் உயிர்ச்சத்து பி1ஐ அழிக்கிற நொதியம் இருக்கிறது. அதையே தொடர்ந்து தின்கிற மீனுக்குத்தான் அது கேடு. ஒட்டுண்ணியும் நோயும் கூடவே வரும். நல்ல குளிகைத் தீனியும் இடைக்கிடை இறாலும் போதும். அந்த வீடியோ மீனுக்குச் சாப்பாடு போடுவதற்காக எடுக்கப்படுவதில்லை.

"ஆறடித் தொட்டிக்கு எங்க மச்சான் காசு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 680 லீற்றர். தண்ணியின் பாரமே 680 கிலோ. தொட்டி, தாங்கி, பில்ட்டர், கரண்ட் பில் எல்லாம் சேர்ந்தால் படிக்கிற பிள்ளைக்குக் கட்டாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற நாட்டில் நாங்கள் இருக்கிறோம். குறைஞ்ச தண்ணியில் அடைபட்ட பெரிய மீனுக்குத்தான் அப்படியான நாளில் ஒட்சிசன் முதலில் முடியும். ஆகவே பதிலும் லேசானது: அந்த வசதி இல்லாவிட்டால் அந்த மீனை வாங்காதீர்கள். 2 அடித் தொட்டியில் கப்பி வளர்க்கிறது ஒன்றும் மானக்கேடு இல்லை.

ஏற்கனவே வைத்திருப்பவர்களுக்கு எங்கட ஆலோசனை இது. 4 அடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரைத் தொட்டி, அதாவது ஏறத்தாழ 255 லீற்றர், ஒரு பெரிய சிக்லிட்டுக்கு மட்டும். அது தனிய இருந்தால் ஏங்கிச் சாகாது. இரண்டாவது வேணுமென்றால் ஆறடி. ஒன்று மற்றதைப் பார்க்காதபடி மண்பானை, மரக்குற்றி, கல் என்று மறைவுகளை வையுங்கள். கல் மணலில் நில்லாமல் தொட்டியின் அடியிலேயே இருக்க வேணும், இவை கிண்டித் தள்ளுகிற மீன்கள். மறைவிடத்துக்கு இரண்டு வாசல் விடுங்கள், ஒளிச்ச மீன் உள்ளே மாட்டுப்படாது. புது மீனை விடுகிற அன்று கல்லுகளை இடம் மாற்றி, லைற்றை நிப்பாட்டி, கிட்டத்தட்ட ஒரே பருமனான மீனாக விடுங்கள். முட்டை வைத்தால் மற்ற மீன்களை வேறாக்குங்கள். செட்டை கிழிவது, மேல்மூலையில் ஒதுங்கி நிற்பது, தீனிக்கு வராமல் விடுவது இவையெல்லாம் கண்டால் அடுத்த நாள் பார்ப்போம் என்று விடாமல் அன்றே துளையுள்ள தடுப்புப் போடுங்கள். கிழமைக்கு ஒருக்கால் தண்ணியில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். யாழ்ப்பாணத்தில் பல கிணறுகளில் உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று ஏற்கனவே கூட; அங்கே தண்ணியைப் பரிசோதித்துவிட்டு மாற்றுவது நல்லது.

வைத்திருக்க ஏலாது என்றால் கடைக்கோ வசதி உள்ளவருக்கோ கொடுங்கள். குளத்தில் விடாதீர்கள். தொட்டி துப்புரவாக்கும் என்று வாங்கி, வளர்ந்ததும் தூக்கி எறிந்த 'ராங்க் கிளீனர்' மீன்கள் இண்டைக்கு இலங்கைக் குளங்களில் பெருகி மீனவரின் வலைகளைக் கிழிக்கின்றன. ஒருத்தரின் வீட்டுத் தொல்லை ஊரின் தொல்லையாகிற வழி அது.

கடைக்காரரிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். குஞ்சுத் தொட்டியில் விலையை எழுதி ஒட்டுகிறீர்கள். அதுக்குப் பக்கத்தில் இன்னொரு வரி எழுதுங்கள்: இது எத்தனை அங்குலம் வளரும், எத்தனை அடித் தொட்டி வேணும். அந்த வரியை வாசித்த பிறகும் ஒருத்தர் 2 அடித் தொட்டிக்கு இரண்டு ஒஸ்கார் கேட்டால், ரவுடி யார் என்று அப்போது தெரியும்.