பல்லுப் பெருத்த ரயர்

ஜிம்னி வாங்கின கையோடு பெரிய பல்லு ரயர் பூட்ட வேணும் எண்டொரு பைத்தியம் எங்களுக்குள் பரவியிருக்கிறது. ஓடுவது ஏ9 தாரில். சேறு காண்பது மாரியில் ரெண்டு நாள். சேற்று ரயர் தாரில் இரையும், மழைக்கு வழுக்கும், கெதியாத் தேயும். 1.5 லீற்றர் எஞ்சினுக்கு அது வீண் பாரம் வேறை.

கொம்பனி தந்த 195/80 ஆர்15 அளவிலேயே, தாருக்கும் கிறவலுக்கும் பொதுவான ஓல் ரெரெயின் ரயர் வன்னிக்குக் காணும். ஆனால் பக்கச்சுவர் தடிப்பாய் இருக்க வேணும். கல்லு கிழிக்கிறது அதைத்தான், பல்லை எண்ணி என்ன?

காசு குடுக்க முதல் பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கோ. 2319 எண்டால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. எங்களில் ஒருவருக்குப் 'புதுசு' எண்டு விற்றது ஆறு வருசப் பழசு; பரந்தன் தாண்ட முதல் வெடித்தது. கடைக்காரர் சிரிக்கிறார்.