திடப்படுத்தலுக்குப் பிறகு

எங்கள் சபைகளில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம். ஞாயிறு பாடசாலைக்கு அனுப்புகிறோம். பதினைந்து பதினாறு வயதில் திடப்படுத்தல். வெள்ளை உடுப்பு, படம், விருந்து. அத்தோடு விசுவாசம் படித்து முடித்த பாடமாகிவிடுகிறது. அதன்பின் அந்தப் பெண் ஐம்பது அறுபது வருடம் சீவிக்கப் போகிறாளே, அதற்கு என்ன வைத்திருக்கிறோம்?

இதை யோசிக்கும்போது உடுவில் எலைசா அக்னியூ அம்மையாரைத்தான் நினைப்பேன். 1807இல் நியூயோர்க்கில் பிறந்தவர். எட்டு வயதில், பூமிசாஸ்திர வகுப்பில், மிசனரியாகப் போவதென்று மனதில் முடிவெடுத்தாராம். ஆனால் கப்பல் ஏறியது பெற்றோர் காலமான பின், 1839இல், 32ஆவது வயதில். இடைப்பட்ட காலத்தை வெறும் காத்திருப்பு என்று நான் சொல்லமாட்டேன். வீட்டுக் கடமைக்குள்ளும் விசுவாசம் வளரும். எங்கள் பெண்களுக்கு இது தெரியாததா?

1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் தொடங்கிய உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையை அக்னியூ அம்மையார் ஏறக்குறைய நாற்பது வருடம் நடத்தினார். ஒருமுறைகூட அமெரிக்கா திரும்பவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அவரிடம் படித்தார்கள். முதலில் படித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்கூட வந்து படித்தார்கள். 1883இல் மானிப்பாயில் காலமானார்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. பாடசாலை விடுமுறைகளில் அவர் கிராமம் கிராமமாகப் போய், கலியாணம் முடித்துப் போன பழைய மாணவிகளைத் தேடிப் பார்த்தார். விடுதியில் செபிக்கப் பழகிய பிள்ளை, மாமி மச்சாள் நடுவில், பிள்ளை பெற்று வளர்க்கும்போது எப்படி இருக்கிறாள் என்பது அவருக்கு அக்கறையாக இருந்திருக்கிறது.

1995 இடம்பெயர்விலும், பின்னர் 2009 வரையும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் எங்கள் ஆலய வாங்குகளில் இருக்கிறார்கள். பதினாறு வயதில் பாடமாக்கிய விடை அவர்களுக்குப் போதாது. “ஏன் ஆண்டவரே?” என்று கேட்டால், “அப்பிடிக் கேக்கக்கூடாது, விசுவாசமாயிருங்கோ” என்று வாயை அடைத்துவிடுகிறோம். யோபு கேட்கவில்லையா? (அவருடைய சிநேகிதர்களும் எங்களைப் போலத்தான் புத்தி சொன்னார்கள்.)

எனக்குத் தெரிந்த அன்ரி ஒருவர் மகனைத் தொலைத்தபின் மூன்று வருடம் ஆராதனைக்கு வரவில்லை. பிறகு வந்தா, கடைசி வாங்கில் இருப்பா, பாட்டுப் பாடமாட்டா. இன்று வருத்தக்காரரைப் பார்க்கப் போவதென்றால் முதல் ஆள் அவதான். “இப்ப ஏதும் விளங்கினதோ அன்ரி?” என்று கேட்டேன். “விளங்கேல்லைப் பிள்ளை. ஆனா முந்தின மாதிரி அவரோடை கோவமில்லை” என்றா. திடப்படுத்தல் வகுப்பில் இதைப் படிப்பிக்க ஏலாது.

மாதர் சங்கச் சகோதரிகளிடம் ஒன்று கேட்கிறேன். கனகாலம் ஆலயத்துக்கு வராத ஒருவரின் வீட்டுக்கு இந்த மாதம் இரண்டு பேராகப் போங்கள். ஏன் வரவில்லை என்று விசாரிக்க வேண்டாம். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். அவ கதைக்கத் தொடங்கினால் இருந்து கேளுங்கள்.