விசாரிக்க வருகிறார்கள், வரட்டும். வீட்டைக் காலி செய்யச் சொல்லாதீர்கள்
தவளக்குப்பம் சுற்றுவட்டார மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

புதுச்சேரியில் தவளக்குப்பம், பூரணாங்குப்பம், நல்லவாடு, நோணாங்குப்பம், இடையார்பாளையம், அபிஷேகப்பாக்கம் மக்களுக்கும், பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் வாழும் உறவுகளுக்கும் இந்த வேண்டுகோள்.

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் நம் பகுதியில் பல தெருக்களில் குடியிருக்கிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள நம்ம ஊர்க்காரர்கள், கடற்கரைப் பக்கம் வீடெடுத்துத் தங்கும் ஐரோப்பியர்கள், படிக்க வந்த பிள்ளைகள், இலங்கையிலிருந்து வந்து அகதிகள் முகாமுக்கு வெளியே வாழும் தமிழர்கள் எனப் பல வகையினர். இவர்களுடைய வீடுகளுக்குக் காவலர்களோ குடிவரவு அதிகாரிகளோ சரிபார்ப்புக்காக வருவது உண்டு. அது சட்டப்படியான வேலை, அதைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. அவர்கள் வந்துபோன பிறகு தெருவில் நடப்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

நடப்பது இதுதான். பைக்கில் இரண்டு பேர் வருகிறார்கள். பாஸ்போர்ட், விசா, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்து, ஜெராக்ஸ் கேட்கிறார்கள். வாசலையும் ஆளையும் சேர்த்து செல்போனில் ஒரு படம் எடுக்கிறார்கள். எதிர்வீட்டில் "இவங்க எவ்ளோ நாளா இங்க இருக்காங்க, யார் யார் வந்து போறாங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த பைக் கடலூர் சாலையைத் தொடுவதற்குள் செய்தி தெருமுனைக் கடைக்குப் போய்விடுகிறது. சாயங்காலம் யாரோ மாடியிலிருந்து எடுத்த வீடியோ வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. "என்னமோ கேஸாம்" என்று ஒருவர் சொல்ல, "கஞ்சாவா இருக்கும்" என்று இன்னொருவர் சேர்த்துக்கொள்கிறார். மாதம் முடிவதற்குள் வீட்டுக்காரர் வந்து நிற்கிறார்: "நமக்கு எதுக்குங்க வம்பு, வேற வீடு பாத்துக்குங்க."

அரசாங்கம் அந்த ஆளை ஒரு குற்றமும் சொல்லவில்லை. தண்டனையை மட்டும் நாம் கொடுத்துவிடுகிறோம்.

எங்களுக்குத் தெரிந்த ஓர் ஆயா. சொல்தா வீட்டு மனுஷி, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் குடும்பம். புருஷன் பிரெஞ்சு ராணுவத்தில் அல்ஜீரியா வரை போய் வந்தவர், காலமாகி வெகுநாளாகிறது. அந்த பென்ஷனில்தான் ஆயாவின் காலம் ஓடுகிறது. உயிரோடு இருப்பதற்கான சான்றை வருஷா வருஷம் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும். கருஞ்சிவப்பு அட்டை போட்ட பாஸ்போர்ட்டையும் பழைய காகிதங்களையும் ஒரு தகர டப்பாவில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். சரிபார்க்க வந்த இளம் காவலர் மரியாதையாகத்தான் பேசினார், கொடுத்த தண்ணீரையும் வாங்கிக் குடித்தார். அவர் போன பிறகு எதிர்வீட்டிலிருந்து வந்தது கேள்வி: "என்ன ஆயா, உன்ன நாடு கடத்தப் போறாங்களாமே?" பக்கத்துத் தெருவில் பிறந்து இந்தத் தெருவில் வாழ்க்கைப்பட்ட மனுஷியிடம் கேட்ட கேள்வி இது. அன்று இரவு ஆயா சாப்பிடவில்லை.

இப்படிக் கேட்பவர்களுக்கு நம் ஊர் வரலாறு மறந்துபோயிருக்கிறது. 1954 அக்டோபர் 18 அன்று, இதே வில்லியனூர் பக்கத்துக் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். அந்த நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. இரு நாடுகளுக்கும் இடையிலான ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் முழுதாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் பிரெஞ்சுக் குடியுரிமையே நீடித்தது. ஆக, ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களில் அண்ணன் வெளிநாட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் பிரெஞ்சுக்காரர், தம்பி வயலில் இருந்ததால் இந்தியர். இந்த ஆறு மாதக் கணக்கின் பேரப்பிள்ளைகள்தான் இன்று நம் தெருக்களில் இரண்டு நிறப் பாஸ்போர்ட்டுகளோடு வாழ்கிறார்கள். ஒரே வீட்டில் ஒருவருக்கு வாக்காளர் அட்டையும் இன்னொருவருக்கு இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன் அட்டையான ஓசிஐ-யும் இருப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை, வெட்கப்படவும் ஒன்றும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்வோம். 2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடப்பில் இருக்கிறது. 1920-இன் பாஸ்போர்ட் சட்டம், 1939-இன் பதிவுச் சட்டம், 1946-இன் வெளிநாட்டவர் சட்டம், 2000-இன் விமான, கப்பல் நிறுவனங்கள் பற்றிய சட்டம் ஆகிய நான்கையும் நீக்கிவிட்டு இது வந்தது. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிறவர்கள் 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது நெடுநாளைய வழக்கம். ஓசிஐ அட்டை உள்ளவர்களுக்கு அந்தப் பதிவு தேவையில்லை. அவர்கள் நிரந்தர முகவரியோ வேலையோ மாறினால் தெரிவித்தால் போதும். 50 வயதைக் கடந்தபின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது ஒருமுறை அதன் நகலை இணையத்தில் ஏற்றவும் வேண்டும். வெளிநாட்டவருக்கு இடம் கொடுக்கிற ஓட்டலோ, விடுதியோ, சாதாரண வீட்டுக்காரரோ, அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் பதிவு அதிகாரிக்குத் தகவல் தர வேண்டும். ‘சி’ ஃபார்ம் என்று நாம் சொல்லிப் பழகியது இதைத்தான்.

வீட்டு உரிமையாளர்களே, பாதிச் சிக்கல் இந்த ஒரு படிவத்தில் இருக்கிறது. அதை நீங்கள் கொடுக்காமல் விட்டதால்தான் பல வீடுகளில் விசாரணை நீள்கிறது. வாடகையைக் கையில் வாங்கிக்கொண்டு, ஒப்பந்தம் எழுதாமல், தகவலும் தராமல் இருந்துவிட்டு, காவலர் வந்ததும் குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்வது நியாயமா? தவறியது நீங்கள், தெருவுக்கு வருவது அவர். நம் எல்லைகளின் கதையும் உங்களுக்குத் தெரியும். அபிஷேகப்பாக்கத்தைத் தாண்டினால் சிங்கிரிகுடி, அது கடலூர் மாவட்டம். நடந்துபோகிற தூரத்தில் வீடு மாறினாலே மாநிலம் மாறி, காவல்துறையும் தகவல் தர வேண்டிய இடமும் மாறிவிடும். குடியிருப்பவருக்கு இது புரியாது. வீட்டுக்காரர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அக்கம்பக்கத்தாருக்கு ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பொதுவாக மற்ற வழக்குகளில் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசாங்கம். வெளிநாட்டவர் சட்டத்தில் அப்படி இல்லை. ஒருவர் வெளிநாட்டவரா இல்லையா என்ற கேள்வி வந்துவிட்டால், "நான் வெளிநாட்டவன் இல்லை" என்று காட்டும் பொறுப்பு அந்த ஆள் தலையில்தான் விழுகிறது. 1946 சட்டத்தில் இருந்த இந்த விதி 2025 சட்டத்திலும் தொடர்கிறது. அதனால்தான் எதிர்வீட்டுத் திண்ணையில் நாம் அலட்சியமாகச் சொல்கிற ஒரு வார்த்தைக்கு இவ்வளவு கனம். "பங்களாதேஷ் ஆளுங்க மாதிரி இருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டு நாம் டீ குடிக்கப் போய்விடலாம். பிறப்புச் சான்றிதழையும் பள்ளிக்கூடச் சான்றிதழையும் தேடி ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற சொந்த ஊருக்கு ஓட வேண்டியது அந்தக் கட்டடத் தொழிலாளி.

இது வெறும் பயம் காட்டும் பேச்சு என்று நினைக்க வேண்டாம். 2025 ஜூனில் டெல்லியில் பிழைத்துக்கொண்டிருந்த மேற்கு வங்கத்துக் கர்ப்பிணிப் பெண் ஒருவர், வங்கதேசத்தவர் என்று பிடிக்கப்பட்டு எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டார். அவரைத் திரும்ப அழைத்துவரச் சொல்லி செப்டம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. டிசம்பரில்தான் அவரால் இந்திய மண்ணில் கால் வைக்க முடிந்தது. நம் பகுதியில் வேலைக்கு வந்திருக்கும் வங்காள மொழிக்காரர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற இந்தியர்கள். பேச்சை வைத்தும் லுங்கியை வைத்தும் நாடு தீர்மானிக்கிற வேலையை நாம் செய்யக்கூடாது.

இலங்கைத் தமிழர் விஷயம் இன்னும் மனதை அழுத்துவது. 1983 ஜூலைக்குப் பிறகு படகேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது கல்லூரி முடித்துவிட்டார்கள். காலாப்பட்டை ஒட்டிய கீழ்ப்புத்துப்பட்டு முகாமை நம்மில் பலர் பார்த்திருப்போம். முகாமுக்கு வெளியே தமிழ்நாடெங்கும் 30 ஆயிரத்துக்கும் அதிகமானோர், அருகிலுள்ள காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வாழ்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவர்களைச் சேர்க்கவில்லை. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. அதாவது, அவர்கள் இங்கே இருப்பது குற்றம் இல்லை என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டது. குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை என்றாலும் இது பெரிய ஆறுதல். அப்படியிருக்க, பதிவைச் சரிபார்க்கக் காவலர் வந்து போனால், "இவங்க யாரோ, எவரோ" என்று நாம் கண்ணைத் திருப்பிக்கொள்ளலாமா? அதே மொழி, அதே மாரியம்மன்.

குடிமக்களுக்கு மட்டும்தான் உரிமை என்று சிலர் வாதாடுகிறார்கள். ஆனால் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு உயிருக்கும் சுதந்திரத்துக்கும் தரும் காப்பு, இந்த மண்ணில் இருக்கும் எந்த மனிதருக்கும் உரியது. அருணாசலப் பிரதேசத்தில் சக்மா அகதிகளை வெளியேறச் சொல்லி உள்ளூர் அமைப்புகள் கெடு வைத்தபோது, 1996-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. யாரும் அவர்களை வீட்டைவிட்டு விரட்டாமல் பார்த்துக்கொள்வது மாநில அரசின் கடமை என்றும் உத்தரவிட்டது. அங்கே விரட்ட வந்தது அரசாங்கம் இல்லை, அக்கம்பக்கத்தார்தான் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நம் பிள்ளைகளும் எங்கோ ஒரு தெருவில் வெளிநாட்டவராகத்தான் இருக்கிறார்கள். பிரெஞ்சு மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன நம் வீட்டுப் பெண் அந்நாட்டுக் குடியுரிமை கேட்க 4 ஆண்டு காத்திருக்க வேண்டும். இருவரும் உண்மையிலேயே சேர்ந்து வாழ்கிறார்களா என்று விசாரணையும் நடக்கும். அந்த நாளில் அவள் ஃபோன் செய்து அழுதால் நாம் என்ன சொல்கிறோம்? "வழக்கமா கேக்கறதுதாம்மா, பயப்படாத." அந்த வார்த்தையை இங்கே இருப்பவரிடமும் சொல்லலாமே. வீட்டுக்கு வந்து விசாரிப்பது வேறு நாடுகளிலும் உண்டு. ஜப்பானில் கோபான் என்ற சிறு காவல் சாவடியிலிருந்து காவலர் வீடு வீடாகச் சென்று யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வது பழைய வழக்கம். எல்லா வீட்டுக்கும் வருவதால் அது யாருக்கும் களங்கமாகத் தெரிவதில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 2021 மே 13 அன்று, கென்மூர் தெருவிலிருந்து இரண்டு இந்தியர்களைக் குடிவரவு அதிகாரிகள் வண்டியில் ஏற்றியபோது, அந்தத் தெருக்காரர்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டு, "இவர்கள் எங்கள் அக்கம்பக்கத்தார்" என்று ஏறக்குறைய எட்டு மணி நேரம் நகரவிடாமல் நின்றார்கள். இருவரும் விடுவிக்கப்பட்டார்கள். யாரையும் வண்டியை மறிக்கச் சொல்லவில்லை நாங்கள். அவ்வளவு தூரம் போக வேண்டிய நிலை இங்கே இல்லை. ஆனால் அந்தத் தெரு சொன்ன வார்த்தை நம் தெருவிலும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

காவல்துறைக்கும் எங்கள் கோரிக்கை உண்டு. சீருடை இல்லாமல் வந்தால் அடையாள அட்டையைக் கேட்காமலே காட்டுங்கள். போலி அதிகாரிகள் வயதானவர்களைப் பயமுறுத்திப் பணம் பறிக்கும் காலம் இது. பகலில் வாருங்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் பெண் காவலரோடு வாருங்கள். அசல் ஆவணங்களைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுங்கள், எடுத்துப்போக வேண்டியிருந்தால் எழுதிக் கொடுங்கள். எடுக்கிற படம் உங்கள் கோப்போடு நிற்கட்டும். வேலை முடிந்ததும் எதிர்வீட்டாரிடம், "ஒண்ணுமில்லீங்க, வழக்கமான வெரிஃபிகேஷன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால், எங்களுடைய இந்த நீண்ட கடிதம் செய்யாததை அது செய்துவிடும்.

தெருவில் உள்ளவர்களே, காவலர் கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். உண்மையான குற்றம் கண்ணில் பட்டால் 112-ஐ அழையுங்கள், அதில் எந்த நாட்டவர் என்ற கணக்கு வேண்டாம். வீடியோ எடுக்காதீர்கள். எடுத்து அனுப்பிவிட்டவர்கள் இன்றே குழுவிலிருந்து நீக்குங்கள். தமிழோ ஆங்கிலமோ தெரியாதவர் வீட்டில் விசாரணை நடந்தால், பிரெஞ்சு தெரிந்த யாராவது ஒருவர் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். நம் ஊரில் அதற்கு ஆள் பஞ்சமில்லை. விசாரணைக்குப் பயந்து குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லியிருக்கும் வீட்டுக்காரர்கள், அடுத்த வாடகை வாங்கப் போகும்போது கையோடு ‘சி’ ஃபார்மையும் வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துப் போங்கள். "இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
தவளக்குப்பம் சுற்றுவட்டாரக் குடியிருப்போர் சிலர்